பஞ்சு மாதிரி ஒரு ஸ்டியரிங்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரே ஒரு தங்கைக்கும்,

உங்களைவிட நான் பெரிதாக மூத்தவன் இல்லை. அனுபவம் என்று எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நம் முதலாளி பாய் விடவில்லை. "நட்டு போல்ட்டு எல்லாம் நான் காட்டிக் குடுத்துருவேன்டா. தல சூடாகுறப்ப என்னா பண்ணணும்னு நீ எழுதிக் குடு. நான் சொன்னா ஏச்சா போயிரும், எழுதுனா பாடமாயிரும்" என்றார். பாய் சொன்னால் அது வேலை உத்தரவு மாதிரிதான். உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அப்பா எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். போலிடெக்னிக்கில் நான் வாங்கிய சான்றிதழை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார். அதனாலோ என்னவோ, திரையில் எழுத்தாகவும் எண்ணாகவும் வருகிற எதையும் நான் சட்டென்று நம்பிவிடுவேன். அச்சில் வந்தது பொய் சொல்லாது என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்போடு நான் மோதிக்கொண்ட ஒரு வியாழக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

நம்மிடம் வரும் புகார்களில் பாதி, ஏதோ ஒன்று கனமாக இருக்கிறது என்பதாகத்தான் இருக்கும். ஸ்டியரிங் கனம், கிளட்ச் கனம், கதவு கனம். லேசாக இருக்கிறது என்று யாரும் வருவதில்லை. அன்று காலை ஒருவர் வந்தார்.

பவானி அக்கா. உங்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கும். நம் ஊர் செலண்டாரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றித் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிற பள்ளி வேன் அவருடையது. கணவர் ஜொகூரில் வேலை, வார இறுதியில்தான் வீடு. வேன் பழையது, ஜப்பானிலிருந்து இரண்டாம் கையாக வந்தது. ஆனால் அதை அவர் வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் வயது தெரியாது. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். வண்டியை நிறுத்திய பிறகும் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"தம்பி, ஸ்டேரிங்கக் கொஞ்சம் கனமாக்கிக் குடுக்க முடியுமா?"

பாய் உள்ளே இருந்து சிரித்துவிட்டார். "ஊரே லேசாக்கிக் குடுன்னு வருது. நீ என்னாம்மா?"

"சிரிக்காதீங்க பாய். டவுனுக்குள்ள நல்லாத்தான் இருக்கு. ஜாசின் ரோட்டுல ஏறுனாத்தான் வெனை. தும்முனா போதும், பக்கத்து லைனுக்குப் போயிருது. நான் மூச்சு விடுறதயே பாத்துப் பாத்து விடுறேன்."

அதற்குப் பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வந்தது. வேன் ஆடுகிற ஆட்டத்தில் பிள்ளைகள் சிலர் வாந்தி எடுத்திருக்கிறார்கள். ஒரு பையனின் அப்பா மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டு, பெற்றோர்கள் வாட்சப் குழுவில் போட்டுவிட்டார். அதில் ஆளாளுக்குப் பேசி, வரும் திங்கட்கிழமை முதல் அக்காவின் கொழுந்தனார் வேனை ஓட்டட்டும் என்று முடிவாகிவிட்டது. வேன் அக்காவுடையது. பிள்ளைகளின் பெயர், எந்த வீட்டில் நாய் கடிக்கும், யார் காலையில் அழுவான் என்பது வரை தெரிந்தவர் அக்கா. ஓட்டுவது மட்டும் வேறு ஆள்.

"எனக்குக் கை நடுங்குதாம். கிளினிக் போயி டாக்டருகிட்ட ரெண்டு கையயும் நீட்டிக் காட்டிட்டு வந்துட்டேன். ஒண்ணும் இல்லன்னுட்டாரு. எனக்கு ஒண்ணும் இல்லன்னா, இதுக்கு ஏதாச்சும் இருக்கணும்ல தம்பி?"

இந்தக் கேள்வியைக் கவனியுங்கள். நாம் படித்த எந்தப் பாடத்திலும் இதைவிடத் தெளிவாக ஒரு சோதனையை யாரும் சொல்லித் தந்ததில்லை. அவர் தன் பக்கத்தைச் சோதித்துவிட்டு வந்திருக்கிறார். மிச்சப் பாதி நம்முடையது.

நான் வேனைத் தூக்குவதற்குள் கொழுந்தனார் மோட்டாரில் வந்து சேர்ந்தார். செல்வம் அண்ணன். கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்பு லாரி ஓட்டியவர், அந்தத் தெம்பு பேச்சில் இருக்கும்.

"அண்ணி, இங்கயும் வந்துட்டீங்களா! வண்டிக்கு ஒண்ணும் இல்லன்னு எத்தன வாட்டி சொல்றது? நேத்து நானே ஓட்டிப் பாத்தேன்லா. பஞ்சு மாதிரி திரும்புது. புது வண்டி தோத்துரும்."

"எங்கண்ணே ஓட்டிப் பாத்தீங்க?" என்றேன்.

"நம்ம தாமான் தெருவுலதான். அப்படியே பாசார், சந்தப் பக்கம் ஒரு சுத்து."

"பெரிய ரோட்டுக்குப் போகலயா?"

"பாசார்ல நல்லா ஓடற வண்டி ரோட்டுல ஓடாதா? என்னா தம்பி நீ." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "அண்ணிக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா எங்கண்ணனுக்கு நான்தான் பதில் சொல்லணும். புள்ளைங்க வேற இருக்கு. வெளயாட்டா?"

அவர் பயமும் நியாயமானதுதான்.

சரி, பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தோம். அந்த வழக்கமான வேலையை உங்களுக்கு விவரிக்கப் போவதில்லை. டயர் புதிது, காற்று சரி. சக்கரங்களின் நேர் சரி. அடியில் எந்த மூட்டிலும் ஆட்டம் இல்லை. கடைசியாகப் பரிசோதனைக் கருவியை மாட்டினேன். இந்த வேனில் ஸ்டியரிங்குக்கு உதவுவது எண்ணெய் இல்லை, ஒரு மின் மோட்டார். எவ்வளவு உதவ வேண்டும் என்பதை ஒரு சின்னப் பெட்டி முடிவு செய்யும். மெதுவாகப் போகும்போது நிறைய உதவும், அதனால் பார்க்கிங்கில் ஒரு விரலால் திருப்பலாம். வேகம் கூடக்கூட உதவியைக் குறைத்துக்கொள்ளும், கைக்குப் பிடிமானம் வரும். கருவி அந்தப் பெட்டியோடு பேசியது. பிழை எதுவும் இல்லை என்றது. மோட்டார் சரி, மின்னழுத்தம் சரி, வேகம் சைபர். எல்லாம் சரி. நான் திரையைப் பார்த்துத் தலையாட்டினேன்.

"பாத்தீங்களா?" என்றார் செல்வம் அண்ணன்.

அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குள் மணி ஏறிக்கொண்டிருந்தது. பள்ளி விடும் நேரத்துக்கு வேன் அங்கே நிற்க வேண்டும். பாய் கடிகாரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என்னை மட்டும் ஓரமாக அழைத்தார்.

"டேய், அடியில ஸ்டேரிங் ரேக்குல அந்த அட்ஜஸ்ட் நட்டு இருக்குல்ல, அதைக் கொஞ்சம் டைட் பண்ணி விடு. ஸ்டேரிங் கனமாயிரும். அந்தம்மாவுக்கும் மனசு ஆறிப்போவும்."

ஓரமாகச் சொன்னாலும் பாயின் குரல் ஓரத்தில் நிற்காது. அக்காவுக்குக் கேட்டுவிட்டது. முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் செஞ்சா கனமாவுமா? அதத்தான தம்பி நான் கேட்டேன். செஞ்சு குடுத்துருங்க."

தம்பிகளா, இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும். கேட்டது கிடைக்கப் போகிறது என்று வாடிக்கையாளர் மகிழ்ச்சியாக இருக்கிறார். முதலாளியே வழி சொல்லிவிட்டார். எதிராளி கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். நேரம் இல்லை. ஸ்பேனரை ஒரு பிடி திருப்பினால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நம் தொழிலில் நடக்கிற பெரிய தவறுகள் பெரும்பாலும் இப்படி எல்லோருக்கும் பிடித்த மாதிரிதான் வந்து நிற்கும்.

அந்த நட்டை இறுக்கினால் கனமாகும்தான். ஆனால் அது உரசலால் வரும் கனம். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வர வேண்டும். இறுக்கிய ஸ்டியரிங் வராது, போன இடத்திலேயே நிற்கும். அக்கா அதை இழுத்துக்கொண்டு வர வேண்டும், பின்னால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு. வேனின் ஒரு நோயை மறைக்க இன்னொரு நோயை நாமே கொடுத்ததாகிவிடும்.

இதையெல்லாம் பாயிடம் எல்லோர் முன்னாலும் சொல்ல முடியுமா? முடியாது. எதிர்த்துப் பேசினால் பாய்க்குக் கோபம் வரும், கேள்வி கேட்டால் வராது. இது நான் கண்டுபிடித்த பெரிய விஷயம், உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

"பாய், ஒரு சந்தேகம். இந்த ஸ்டேரிங் எப்பவுமே லேசா இருக்கா, இல்ல கனமாக வேண்டிய எடத்துல கனமாகாம இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணா பாய்? பாசார்ல பஞ்சா இருக்கறது நல்லதுன்னு செல்வம் அண்ணனே சொல்றாரு. ரோட்டுலயும் அதே பஞ்சு இருந்தா?"

பாய் தாடியைத் தடவினார். "என்னா பண்ணணுங்கற?"

"பவர் ஸ்டேரிங் பியூஸப் புடுங்கிட்டு ரோட்டுல ஓட்டிப் பாக்கறேன்."

"புடுங்குனா அம்மிக்கல்லு மாதிரி ஆயிரும்டா!"

"ஆகட்டும் பாய். அம்மிக்கல்லு ஆடாதுல்ல?"

செல்வம் அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். பாய் சாவியை என் பக்கம் எறிந்தார். "சீக்கிரம் வந்து சேரு லா."

முதலில் பியூஸோடு நான் ஓட்டினேன், அக்கா பக்கத்தில். டவுனைத் தாண்டும் வரை வெண்ணெய். சாலை விரிந்து வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் கையில் இருப்பதே தெரியவில்லை. எதிரே ஒரு பனைக்குலை லாரி கடந்துபோனபோது, அந்தக் காற்றுக்கு ஈடு கொடுக்க லேசாகத் திருப்பினேன். வேன் அதற்காகவே காத்திருந்தது போல ஓரத்துக்குப் பாய்ந்தது. திருத்தினேன், அந்தப் பக்கம் பாய்ந்தது. திருத்தத்தைத் திருத்தி, அதையும் திருத்தி... இந்த வண்டியை அக்கா தினமும் பிள்ளைகளோடு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"இப்ப தெரியுதா?" என்றார் அக்கா.

"தெரியுதுக்கா."

ஓரம் கட்டிப் பியூஸை எடுத்தேன். இப்போது அக்கா ஓட்டினார். கிளம்பும்போது தோள்பட்டையே கழன்றுவிடும் போல இழுத்தார். ஆனால் வேகம் பிடித்த பிறகு வேன் ரயில் மாதிரி போனது. நேர்க்கோடு. இன்னொரு லாரி கடந்தது. வேன் அசையவில்லை. அக்கா மூச்சை முழுசாக வெளியே விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

"பாத்தியா தம்பி, நடுங்கல." கையைத்தான் சொன்னார்.

டயர் விடுதலை, அடிப்பாகம் விடுதலை, அக்காவின் கையும் விடுதலை. உதவி செய்கிற மோட்டார் வேகத்தில் அடங்காமல் உதவிக்கொண்டிருக்கிறது, அவ்வளவு தெரிந்துவிட்டது. ஏன் என்றுதான் தெரியவில்லை. பெட்டி தன்னிடம் பிழையே இல்லை என்கிறதே.

பட்டறைக்குத் திரும்பி இதைச் சொன்னபோது பள்ளி விட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. இங்கே இரண்டாவது தீர்மானம். பியூஸ் இல்லாமல் அனுப்பலாமா? பிள்ளைகளை அம்மிக்கல்லில் ஏற்றுவதா, பஞ்சில் ஏற்றுவதா? நான் யோசித்தது இதுதான்: கனமான ஸ்டியரிங் ஓட்டுபவரிடம் எதையும் மறைக்காது, எப்போதும் ஒரே மாதிரி கனமாக இருக்கும். லேசான ஸ்டியரிங்தான் ஏமாற்றும். பாயும் அதையே நினைத்திருக்க வேண்டும்.

"பியூஸ் இல்லாமயே போம்மா. நிக்கறப்ப திருப்பாத, உருண்டுகிட்டே திருப்பு. வளைவுக்கு முன்னாலயே ஸ்பீட கொறச்சுரு. மீட்டர்ல ஸ்டேரிங் லைட்டு எரியும், பயப்படாத." பிறகு என்னிடம்: "நீயும் கூடப் போ. பாதி வழியில அவங்களுக்குக் கை வலிச்சா நீ ஓட்டு."

அப்படித்தான் நான் பள்ளி வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து போனேன். பள்ளி வாசலில் வேனைத் திருப்ப அக்கா இருக்கையிலிருந்து எழுந்தே விட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஏறிக்கொண்டே ஒரு குட்டிப்பெண் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஆண்ட்டி, யாரு இந்த அண்ணன்?"

"ஸ்டேரிங் டாக்டர்."

"ஊசி போடுவாரா?"

"சத்தம் போட்டா உனக்குத்தான் போடுவாரு. உக்காரு."

"ஆண்ட்டி, டிவி போடுங்க, டிவி!" என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். அக்கா டேஷ்போர்டில் இருந்த டிவிப் பெட்டியை அழுத்தினார். அதன் திரையிலும், கூரையில் தொங்கிய பெரிய திரையிலும் ஒரு பாட்டு தொடங்கியது. கதாநாயகனும் கதாநாயகியும் ஏதோ பனிமலையில் ஆடினார்கள். பிள்ளைகள் கூடவே பாடினார்கள். வேன் ஜாசின் சாலையில் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

நானும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறுத்தியது. என் மாமா மகனின் காரிலும் இப்படி ஜப்பானிலிருந்து வந்த ஒரு பெட்டி உண்டு. கார் நின்றால்தான் படம் காட்டும். நகர்ந்தால் திரை கறுத்துவிடும், பாட்டு மட்டும் கேட்கும். ஓட்டுபவர் படம் பார்க்கக் கூடாது என்று அங்கே அப்படிச் செய்திருக்கிறார்கள். இந்தப் பெட்டி மட்டும் எப்படி ஓடும் வண்டியில் பனிமலையைக் காட்டுகிறது?

வண்டி ஓடுகிறது என்று இதற்கு யாரும் சொல்லவில்லையா?

"அக்கா, இது எப்ப போட்டது?"

"இந்த டிவியா? தீபாவளிக்கு முன்னால. அடுத்த வேன்ல இருக்குன்னு இதுங்க என்னைய அரிச்சு எடுத்துருச்சுங்க. பொட்டுக் கடையில, பழைய வண்டிய ஒடச்சு விக்கற எடத்துல வாங்குன பழசுதான். மொதல்ல ஓடறப்ப படம் வரல. கடைக்காரன்தான் பின்னால ஏதோ ஒயரச் சேத்து விட்டு வர வச்சான். கெட்டிக்காரப் பையன்."

"வண்டி ஆட ஆரம்பிச்சது எப்பக்கா?"

"அது டயர் மாத்துனப்பறம். பள்ளிக்கூடம் லீவு முடிஞ்சு..." என்று தொடங்கிய அக்கா நிறுத்தினார். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் யோசித்தார். "டயர் மாத்துனது லீவுல. டிவி போட்டதும் அதே வாரந்தான். லீவு முழுக்க வண்டி வீட்லதான் நின்னுச்சு. பள்ளிக்கூடம் தொறந்த மொத நாளே ஆட்டம். நாங்க டயருதான்னு முடிவு பண்ணி அதையே போட்டுத் திட்டிக்கிட்டு இருந்தோம்."

பின்னால் பிள்ளைகள் சரணத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு அதன் பிறகு பாட்டு கேட்கவில்லை.

கடைசிப் பிள்ளை இறங்கியதும் பட்டறைக்கு வந்தோம். செல்வம் அண்ணன் அங்கேயே பாயோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். பியூஸைத் திரும்ப மாட்டினேன். பரிசோதனைக் கருவியையும் மாட்டினேன், இந்த முறை வேனை ஓட்டிப் பார்ப்பதற்காக. சாவியைச் செல்வம் அண்ணனிடம் நீட்டினேன்.

"அண்ணே, நீங்க ஓட்டுங்க. பெரிய ரோட்டுல. புள்ளைங்க யாரும் இல்ல, ரோடும் காலியா இருக்கு. ரெண்டு கையும் ஸ்டேரிங்குலயே இருக்கட்டும். சும்மா திருப்பிப் பாக்காதீங்க."

"தம்பி எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தருது" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். அக்கா பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

டவுனைத் தாண்டும் வரை செல்வம் அண்ணன் பேசிக்கொண்டே வந்தார். அறுபதில் பேச்சு குறைந்தது. எண்பதில் நின்றுவிட்டது. தோள்கள் இரண்டும் காதுக்கு ஏறியிருந்தன. வேன் இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை நழுவியது.

"மீட்டர்ல எவ்ளோண்ணே?"

"எம்பது" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் மடியில் இருந்த கருவியைப் பார்த்தேன். ஸ்டியரிங் பெட்டி தனக்குத் தெரிந்த வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

சைபர்.

"இங்க சைபர்ணே."

"என்னா சைபர்?"

"நாம பனைமரத்தயெல்லாம் தாண்டிப் போயிக்கிட்டு இருக்கோம். ஸ்டேரிங்கக் கேட்டா நீங்க இன்னும் பாசார்ல பார்க்கிங் தேடிக்கிட்டு இருக்கீங்களாம். அதான் ஒரு வெரலுக்குத் திரும்பற மாதிரி உதவி பண்ணுது."

செல்வம் அண்ணன் வேகத்தைக் குறைத்து, மெதுவாக ஓரம் கட்டி நிறுத்தினார். கையைச் சட்டையில் துடைத்தார். திரும்பி அக்காவைப் பார்த்தார்.

"அண்ணி... இத வச்சிக்கிட்டா இத்தன நாளா புள்ளைங்களப் பத்தரமாக் கொண்டாந்து சேத்தீங்க?"

"பின்ன? கையி நடுங்கறவளுக்கு வேற என்னா வேல?"

பட்டறையில் அந்த டிவிப் பெட்டியைக் கழற்றி வெளியே இழுத்தபோது எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. படம் நிற்காமல் ஓட வேண்டுமென்றால், கைபிரேக் போட்டிருப்பதாக டிவிப் பெட்டியை நம்ப வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஒயரை வண்டியின் இரும்பு உடலோடு சேர்ப்பார்கள். கெட்டிக்காரப் பையன் அதோடு நிற்கவில்லை. வேகத்தைச் சொல்லும் ஒயரையும் அதே உடலோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றிவிட்டிருந்தான். அந்த ஒயர் டிவிக்கு மட்டும் உரியது இல்லை. மீட்டரிலிருந்து கிளம்பி, வேகம் தெரிய வேண்டிய எல்லோருக்கும் அதே ஒயர்தான் சேதி சொல்கிறது. அதை உடலோடு சேர்த்தால் டிவிக்கும் சேதி இல்லை, ஸ்டியரிங்குக்கும் இல்லை. மீட்டர் முள் மட்டும் தன் பாட்டுக்கு ஒழுங்காக ஏறி இறங்கும், ஏனென்றால் சேதி அங்கேதான் பிறக்கிறது. முள் சரியாக வேலை செய்ததால் வேகத்தின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஸ்டியரிங் பெட்டி ஏன் பிழை காட்டவில்லை? நிற்கிற வண்டி ஒரு பிழையா என்ன? அதன் கணக்கில் இந்த வேன் மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நின்று எஞ்சினை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தது. காலையில் நான் கருவியை மாட்டியபோது வேகம் சைபர் என்று வந்தது. வேன் பட்டறைக்குள் நின்றிருந்தது, ஆகவே அது சரியான விடை. சாலையில் வரும் புகாரைக் கூரைக்குக் கீழே வைத்து விசாரித்தால் இப்படிச் சரியான விடைகளாகத்தான் கிடைக்கும். தம்பிகளா, எந்த நிலையில் நோய் வருகிறதோ அந்த நிலைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் கேளுங்கள். காய்ச்சல் அடிக்கிற நேரத்தில்தான் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒயரைப் பிரித்து, சுற்றி மூடினேன். மறுபடி சாலை, இந்த முறை அக்கா ஓட்டினார். முள் ஏறியது, கருவியில் எண்ணும் கூடவே ஏறியது. அறுபதைத் தாண்டும்போது ஸ்டியரிங் கைக்குள் வந்து உட்கார்ந்தது. அக்கா தலையை ஆட்டினார். டிவி கறுத்துப்போயிருந்தது.

"அலாமா, புள்ளைங்க என்னைய உரிச்சிருவாங்களே" என்றார் திரும்பி வந்ததும்.

பாய் சொன்னார்: "ஸ்டேரிங்கத் தொடாம படத்த மட்டும் வர வைக்க வேற வழி இருக்கும்மா. செய்யட்டுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டார். "வேணாம் பாய். நானும் ரெண்டு தடவ பாட்டப் பாத்துட்டேன், ரோட்டப் பாக்காம. பாட்டு மட்டும் கேக்கட்டும்."

செல்வம் அண்ணன் அதற்குள் கைப்பேசியை வாய்க்கு அருகில் வைத்துப் பெற்றோர் குழுவுக்குக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் குரல், தெருவுக்கே கேட்டது. "செல்வம் பேசறேன். வண்டியில ஒயரு கோளாறு, சரி பண்ணியாச்சு. நான் ஓட்டிப் பாத்தேன், ரோட்டுல ஓட்டிப் பாத்தேன். அந்த வண்டிய எங்கண்ணி ஓட்டுன மாதிரி என்னால ஓட்ட முடியாது. நாளைக்கு அவங்கதான் வருவாங்க. சந்தேகம் இருக்கறவங்க கூட ஏறி வந்து பாருங்க." அனுப்பிவிட்டு, யாருக்கும் கண் கொடுக்காமல் மோட்டாரை உதைத்துக் கிளப்பிப் போய்விட்டார். குழுவில் உடனே யாரும் பதில் போடவில்லை. அக்கா அன்று வீட்டுக்குப் போகும் வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த நட்டை நான் இறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன். வேன் கனத்திருக்கும், எல்லோரும் நன்றி சொல்லியிருப்பார்கள், திங்கட்கிழமை செல்வம் அண்ணன் ஓட்டியிருப்பார். ஏதாவது ஒரு வளைவில் அவருக்கும் புரிந்திருக்கும். அக்காவின் கையைப் பற்றி மட்டும் யாரும் பேச்சை மாற்றியிருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்வது பாதி வேலை. ஏன் அப்படிக் கேட்கிறார் என்று தெரிந்துகொள்வது மீதி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எனக்கு வேலையில் மனம் ஒட்டவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குள் போயிருக்கும் நேரம், அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்ததும் அவர் குரலில் ஒரு பதற்றம்.

"தம்பி, என்னா பண்ணி வச்ச வண்டிய?"

"ஏன்க்கா? ஆடுதா?"

"ஆடலப்பா. அதான் கோளாறு. டிவியும் இல்ல, ஆட்டமும் இல்ல, ஏறுன புள்ளைங்க அம்புட்டும் தூங்கிருச்சுங்க. தோளு மேல தோளு சாஞ்சு, வாயத் தொறந்துகிட்டு. ஸ்கூல் வாசல்ல ஒவ்வொண்ணா எழுப்பி, செருப்பத் தேடிப் போட்டு, பையி மாட்டி எறக்கறதுக்குள்ள பெல்லு அடிச்சிருச்சு. ஹெட்மாஸ்டரு என்னையப் பாக்கறாரு!"

கூட ஏறி வந்து பார்த்த பெற்றோர் யாரோ போல, பின்னால் சிரிப்பது கேட்டது. அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"திங்கக்கெழமையிலேருந்து நான் பத்து நிமிசம் முன்னாலயே கெளம்பிரணும் போல."